மூன்றாம் மாடிக் காற்று

பஸ்ஸுக்கு அவள் பயந்ததே இல்லை. டிப்போவில் பஸ் கழுவும் வேலை. ரிவர்ஸ் எடுக்கும் வண்டிக்குப் பின்னால் வாளியும் துடைப்பமுமாக நின்றுகொண்டு, “வா, வா, வா... போதும், நில்லு” என்று டிரைவர்களுக்குக் கை காட்டுகிறவள். ஒருமுறை பிரேக் பிடிக்காத வண்டி ஷெட் சுவரை இடித்துக்கொண்டு உள்ளே வந்தபோதுகூட, தண்ணீர்க் குழாயை மூடிவிட்டுத்தான் நகர்ந்தாள். ஆனால் கையில் ஃபைலோடு ஓர் ஆள் எதிரே வந்தால் போதும், வண்டிக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாள்.

அரசாங்க வாடகைக் குடியிருப்பில் வீடு ஒதுக்கிச் சாவி கொடுத்த அன்று, மற்றவர்கள் சாவியைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். அவள் கணவரிடம் கேட்டது ஒன்றுதான்.

“திருப்பிக் கேட்டா என்ன பண்றது?”

“கேக்கறதுக்குள்ள உள்ள போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கலாம், வா” என்றார் அவர்.

அவர் பஸ் டிரைவர். அவள் கழுவிய வண்டியின் பின் கண்ணாடியில் எங்காவது தூசி மிச்சம் இருந்தால், விரலால் அதில் ‘இங்கே’ என்று எழுதிவிட்டுப் போவார். அவளும் வேண்டுமென்றே கொஞ்சம் தூசியை விட்டுவைக்கத் தொடங்கினாள். கல்யாணம் அப்படித்தான் முடிவானது. கிடைத்தது மூன்றாவது மாடி வீடு: ஒரு கூடம், ஓர் அறை, தலையை நீட்டினால் பக்கத்துப் பிளாக்கில் காயும் துணியை எண்ணிவிடக்கூடிய ஜன்னல். லிஃப்ட் கிடையாது. அப்போது அது ஒரு குறையாகத் தெரியவில்லை.

பக்கவாதம் வந்தது அவர் வண்டியை ஸ்டாப்பில் நிறுத்தி ஆள் ஏற்றிக்கொண்டிருந்தபோது. ஓடும்போது வராமல் போனதே புண்ணியம் என்றார்கள். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு துண்டு துண்டாகத் திரும்பி வந்தது. மூன்று மாடியையும் ஒரு தடவை ஆம்புலன்ஸ்காரர்கள் தோளில் ஏறியவர்தான், அதன் பிறகு அவர் தரையை மிதிக்கவில்லை. ஊரையே சுற்றி வந்த மனுஷன் பக்கத்துப் பிளாக்கின் துணியைப் பார்த்துக்கொண்டு படுத்துக் கிடந்தார்.

அப்போது தரைத்தளத்தில் இருந்தவர் தெருமுனையில் சலூன் வைத்திருப்பவர். அவர் மனைவிக்குக் கீழ்வீடு பிடிக்கவில்லை. எலி, சாக்கடை வாடை, ஜன்னலில் எட்டிப் பார்க்கிற ஆட்கள் என்று தினமும் ஒரு புகார். வீட்டை மாற்றிக்கொள்ளலாமா என்று சலூன்காரரும் இவளும் குடியிருப்பு ஆபீசுக்கே போய்க் கேட்டார்கள். “எழுதிக் குடுத்துட்டுப் போங்க, வரிசையில வரும்” என்றார் அங்கே இருந்தவர். வரிசை வரவே இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சலூன்காரர் இவளிடம் வந்து, “அக்கா, வரிசை வர்றதுக்குள்ள அண்ணன் கட்டிலோட ஒட்டிப் போயிடுவாரு. சாவியக் குடுங்க” என்றார். மாலைக்குள் மேலே இருந்தது கீழேயும், கீழே இருந்தது மேலேயும் போய்விட்டது.

ஆபீஸ் கணக்கில் மட்டும் எதுவும் மாறவில்லை. அவரவர் பழைய எண்ணுக்கே வாடகை கட்டினார்கள். அவளுக்கு வரும் கடிதம் மேலே போகும், சலூன்காரர் காலையில் கடை திறக்கப் போகும்போது கொண்டுவந்து கதவில் செருகுவார். “டிப்போ அக்கா, உங்க வீட்டுலேர்ந்து லெட்டர் வந்திருக்கு” என்பார். வருஷக்கணக்கில் அதே ஜோக். அவளும் வருஷக்கணக்கில் சிரித்தாள்.

ஏலத்தில் உடைக்கப் போன ஒரு பழைய பஸ்ஸின் கைப்பிடிக் கம்பிகளை டிப்போவில் கேட்டு வாங்கி, கீழ்வீட்டுக் குளியலறையிலும் கூடத்துச் சுவரிலும் வெல்டரை வைத்துப் பதித்தாள். மஞ்சள் பெயிண்ட் அப்படியே இருந்தது. கணவர் இடது கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு முதல் தடவை தானாகக் குளியலறைக்குப் போன அன்று, வாசலில் நின்று, “டிக்... கெட்” என்றார். அவள் சிரித்துச் சிரித்து அழுதுவிட்டாள்.

அந்த நிம்மதியில்தான் படிக்கட்டுக்குக் கீழே நோட்டீஸ் ஒட்டினார்கள். அரசாங்கம் வாடகை வீடுகளைக் குடியிருப்பவர்களுக்கே சலுகை விலையில் விற்கப் போகிறது. பிளாக்கே கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது. டிப்போவில் கூட வேலை செய்கிறவள், “இனிமே உங்கிட்ட பேசணும்னா காலிங் பெல் அடிச்சிட்டுத்தான் பேசணும், முதலாளியம்மா” என்று கேலி செய்தாள். இவளுக்கு நோட்டீஸின் கடைசி வரிகள் மட்டும்தான் கண்ணில் நின்றன. வாங்கினாலும் வாங்காவிட்டாலும் எல்லா வீட்டுக்கும் ஆய்வு வரும். பதிவில் இருக்கும் குடும்பம் பதிவில் இருக்கும் வீட்டில் இல்லாவிட்டால் ஒதுக்கீடு ரத்து.

சலூன்காரர் அலட்டிக்கொள்ளவில்லை. “ஒரு நாள் கூத்துதானே அக்கா. அவங்க வர்ற அன்னைக்கு நீங்க மேல, நாங்க கீழ. போனதும் பழையபடி. நீங்க மேல்வீட்ட வாங்குங்க, நான் கீழ்வீட்ட வாங்கறேன். சாவி நம்ம கையில. யார் கேக்கப் போறா?”

“யாரும் கேக்க வேணாம் தம்பி. நீயே கேட்டா?”

“நானா?” அவர் சிரித்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கடைக்குக் கிளம்பினார்.

அதற்கு மறுநாள்தான் சலூன்காரரின் மனைவி படிக்கட்டில் நின்று, வெகுளியாக, தன் மருமகன் சொன்னதைச் சொன்னாள். கீழ்வீடு தெருவைப் பார்த்த வீடாம். கூடத்தில் ரெண்டு நாற்காலி போட்டால் சலூனே வைத்துவிடலாமாம், கடை வாடகை மிச்சமாம். “சின்னப் பசங்க, என்னென்னவோ பேசுதுங்க” என்று சொல்லிவிட்டு அவள் ஏறிப் போய்விட்டாள். இனி டிப்போ அக்காவுக்கு இரண்டு பக்கமும் பயம். ஒரு பக்கம் ஆபீஸ். இன்னொரு பக்கம், தினமும் கடிதம் கொண்டுவந்து கொடுக்கும் கை.

ஆனாலும் ஆய்வைத் தாண்டியாக வேண்டும். கணவருக்குப் பாடம் நடத்தினாள்.

“என்னங்க, எந்த வீடுன்னு கேட்டா என்ன சொல்லுவீங்க?”

“கீழ்...”

“ஐயோ, இல்ல! மூணாவது மாடி. காத்து நல்லா வருது. சொல்லுங்க.”

“மூ... ணாவது மாடி. காத்து... நல்லா வருது.”

சோறு ஊட்டும்போது, மருந்து கொடுக்கும்போது, முதுகு துடைக்கும்போதெல்லாம் கேட்டாள். கடைசியில் அவள் வாயைத் திறந்தாலே அவர் ‘காத்து நல்லா வருது’ என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

ஆய்வு நாளன்று விடிந்ததும் சலூன்காரரும் அவர் மருமகனும் கணவரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு மேலே ஏறினார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் நாற்காலி சாயும்போது அவர் இடது கை காற்றில் எதையோ தேடியது. மருந்து டப்பா, கல்யாணப் படம், அவருடைய பழைய காக்கிச் சட்டை எல்லாம் மேலே போயின. சலூன்காரர் வீட்டுத் துணிமணி கீழே வந்தது. டம்ளரில்கூட யார் பெயர் பொறித்திருக்கிறது என்று பார்த்துப் பார்த்து மாற்றினாள். வேறு எதுவும் பாக்கி இல்லை என்று நிச்சயமாக நம்பினாள்.

ஆய்வுக்கு வந்தது ஒரு சின்னப் பெண். கையில் டேப்லெட், தோளில் குடை, படி ஏறிய மூச்சிரைப்பு. “தண்ணி கிடைக்குமா, அக்கா?” என்றுதான் முதலில் கேட்டாள். குடித்துவிட்டுக் கணவரிடம் போனாள்.

“எப்படி இருக்கீங்க சார்?”

“மூணாவது மாடி. காத்து நல்லா வருது.”

அந்தப் பெண் சிரித்தாள். டிப்போ அக்கா அவசரமாகக் காலி டம்ளரை வாங்கிக்கொண்டாள். பெண் குளியலறையை எட்டிப் பார்த்தாள். வழவழவென்று டைல்ஸ், பிடித்துக்கொள்ள ஒரு பிடிமானம் இல்லை. “இவரு இங்க எப்படிக் குளிக்கறாரு?” என்றாள்.

“நான் புடிச்சுக்குவேன்மா.”

“கீழ இறங்கறது?”

“இறங்கறதில்ல.” ஒரு காலத்தில் அது உண்மையாக இருந்ததால், அந்தப் பொய்தான் அன்று அவள் சொன்னதிலேயே பெரிதாக வலித்தது.

பெண் எதையோ தட்டிவிட்டுக் கீழே இறங்கினாள். அப்போதுதான் டிப்போ அக்காவுக்கு உறைத்தது. கம்பி! டம்ளரை மாற்றினாள், கம்பியை மறந்துவிட்டாள். தினமும் கையில் பட்டுப் பட்டு, அது அவளுக்குச் சுவராகவே ஆகிவிட்டிருந்தது. இனி ஓடிப் போய்ப் பிடுங்க முடியுமா? படியின் திருப்பத்தில் நின்று காதைத் தீட்டிக்கொண்டாள்.

கீழே, பெண்ணின் குரல்: “இது என்ன கம்பி, பஸ்ல இருக்கற மாதிரி?”

சலூன்காரர்: “அது வந்து... மாமியார் வந்தா புடிச்சுக்கறதுக்கு.”

“மாமியார் எங்க இருக்காங்க?”

“போய்ச் சேர்ந்துட்டாங்க.”

பிறகு குடை விரியும் ஓசை. பெண் போய்விட்டாள்.

அன்று சாயங்காலம், கணவரை இறக்குவதற்காக ஆட்களைக் கூப்பிட அவள் கீழே வந்தபோது கதவு ஒருக்களித்திருந்தது. கூடத்தில் சலூன்காரர் தனியாக இருந்தார். சுவரோடு ஒட்டி நின்று, கட்டை விரலும் சுண்டு விரலும் விரிய, சாண் போட்டு அளந்துகொண்டிருந்தார். கம்பி இருந்த இடத்தில் கை தட்டியதும் அதைத் தாண்டி அளந்தார். அவள் கனைத்தாள். அவர் கையை இழுத்துக்கொண்டு, “வந்துட்டேன்க்கா, அண்ணனத் தூக்கலாம்” என்றார். நாற்காலி கீழே வந்து, கூடத்துக் கம்பி கைக்குக் கிடைத்ததும் கணவர் அதை விடாமல் வெகுநேரம் பிடித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை அவள் வேலைக்குப் போகவில்லை. சலூன்காரரிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் குடியிருப்பு ஆபீசுக்குப் போனாள். ஃபைல்களைக் கண்டாலே நடுங்குகிறவள், ஃபைல்கள் கூரை வரை அடுக்கியிருந்த அறைக்குத் தானாக நடந்து போய், அந்தப் பெண்ணின் மேஜைக்கு முன்னால் நின்றாள்.

“அந்தக் கம்பி எங்களுதுமா” என்றாள்.

“தெரியும்” என்றாள் பெண். “செத்துப்போன மாமியாருக்கு யாரும் கம்பி வைக்க மாட்டாங்க.” பிறகு குரலைத் தாழ்த்தினாள். “இன்னும் ரிப்போர்ட் அனுப்பல. தானா வந்து சொல்றவங்களுக்கு ஒரு வழி இருக்கு. ரெண்டு குடும்பமும் மாத்திக்கறோம்னு நேர்ல வந்து கையெழுத்துப் போடணும். இன்னைக்கு ஆபீஸ் மூடறதுக்குள்ள. ஒருத்தர் மட்டும் வந்தா...”

“வந்தா?”

“ரெண்டு வீடும் போயிடும் அக்கா. நான் எழுதித்தான் ஆகணும்.”

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து சலூன்காரருக்குப் போன் செய்தாள். நடந்ததைச் சொன்னாள். மறுமுனையில் கத்தரிக்கோல் சத்தம் நின்றது. பிறகு போனே நின்றுவிட்டது.

அவள் தன் வீட்டை மட்டும் பணயம் வைக்கவில்லை, அவருடையதையும் சேர்த்து வைத்துவிட்டாள் என்பது அப்போதுதான் நெஞ்சில் இறங்கியது. அன்றைக்கு ஒரு சொல் கேட்காமல் கட்டிலைத் தூக்கியவரை இன்றைக்கு ஒரு சொல் கேட்காமல் மாட்டிவிட்டாள். அவர் வராவிட்டால்? மருமகன் தடுத்துவிட்டால்? கணவரைத் தூக்கிக்கொண்டு எந்தத் தெருவுக்குப் போவாள்? ஆபீசில் ஒவ்வொரு நாற்காலியாகப் பின்னால் நகரத் தொடங்கியது. யாரோ ஜன்னலைச் சாத்தினார்கள். ஏதோ தரையில் விழுந்த சத்தம். பார்த்தால், அவள் கையில் இருந்த சாவி.

சலூன்காரர் வந்தபோது தோளில் துண்டு, சட்டைப் பையில் சீப்பு, முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

“பாதி தாடியோட ஒரு ஆள உக்கார வெச்சுட்டு வந்திருக்கேன். என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா நீங்க?”

“நீ செவுத்த அளந்தே தம்பி.”

“அளந்தேன். ஆமா, கண்ணாடி மாட்டத்தான் அளந்தேன். மனுஷன் அளந்து பார்க்கக்கூடாதா? அளந்தா எடுத்துக்கிட்டான்னு அர்த்தமா?”

“எனக்குத் தெரியலயே. தெரிஞ்சா நான் ஏன் இங்க வரேன்?”

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “எனக்கும் தெரியலக்கா” என்றார் மெதுவாக. “அதான் பேனா எங்கன்னு கேளுங்க, சீக்கிரம். வீட்டுக்குப் போயிட்டா மனசு மாறினாலும் மாறிடும்.”

கையெழுத்துப் போட்டுவிட்டு, அவளுக்காக நிற்காமல் அவர் தன் பாதி தாடிக்காரரிடம் ஓடினார்.

மறு ஆய்வுக்கு அந்தப் பெண் வந்தபோது எதையும் மாற்றவில்லை. மருந்து டப்பா அதன் இடத்தில், கல்யாணப் படம் அதன் இடத்தில். எல்லாம் உண்மை. ஆனாலும் டிப்போ அக்கா எல்லாவற்றையும் மறுபடி மறுபடி சரிபார்த்தாள். சலூன்காரர் வாசலில் நின்றார். மனஸ்தாபம் இன்னும் தீரவில்லை, கடிதத்தைக் கதவில் செருகினாலும் ஜோக் சொல்வதில்லை. ஆனால் வந்து நின்றார்.

பெண் கூடத்தைப் படம் எடுத்தாள். குனிந்து கணவரிடம் கேட்டாள்.

“சார், எந்த வீட்டுல இருக்கீங்க?”

“மூணாவது மாடி” என்றார் அவர், பளிச்சென்று. “காத்து நல்லா வருது.”

வாசலில் சலூன்காரர், “போச்சு” என்று முனகுவது கேட்டது. பெண் டேப்லெட்டைப் பார்த்தாள். சுவரின் மஞ்சள் கம்பியைப் பார்த்தாள். அதில் நடுப்பகுதி பெயிண்ட் தேய்ந்து, ஒரு கையளவுக்குப் பளபளத்தது.

“ஆமா சார்” என்றாள். “நல்லாத்தான் வருது.”

திரையில் ‘சரி’ என்ற கட்டத்தில் ஒரு தட்டு. அவள் வாசல் தாண்டி, தெரு திரும்பி, குடையும் கண்ணிலிருந்து மறைந்த பிறகுதான் டிப்போ அக்கா கவனித்தாள்: தன் கையும் கம்பியைத்தான் பிடித்திருந்தது. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது.