பெரணிக்கு அம்மை போட்ட மார்கழி

ஆவடியில் நாங்கள் குடியிருந்த ஒற்றை அறை வீட்டுக்கு, ஒரு மார்கழியில், தொட்டியோடு ஒரு விருந்தாளி வந்து சேர்ந்தது. நைனா வேலை பார்த்த கம்பெனியின் மேனேஜர் குடும்பத்தோடு ஊருக்குப் போகும்போது, தம் மனைவி உயிராக வளர்த்த பெரணிச் செடியை நைனாவை நம்பி விட்டுப்போயிருந்தார். பனி படக்கூடாது, வாடைக்காற்று ஆகாது, தினமும் இலையை ஈரத்துணியால் துடைக்க வேண்டும். செடிக்கு ஏதாவது ஆனால் வேலை போய்விடும் என்று நைனா நடுங்கினார். நான் படுக்கும் மூலையை அதற்குக் கொடுத்தார்கள். வாசற்படியோரம் படுத்து எனக்கு மூக்கு ஒழுகியது, கேட்க நாதியில்லை.

துடைக்கும் வேலை சித்திக்கு. அம்மாவின் தங்கை, எங்களோடுதான் இருந்தாள். எஸ்.எஸ்.எல்.சி. தேறி, நர்ஸ் படிப்புக்குப் போயே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். நைனாவோ பூந்தமல்லியில் அரிசி மண்டி வைத்திருந்த ஒருவருக்கு அவளைக் கட்டிவைக்கப் பார்த்தார். மாப்பிள்ளைக்கு மூத்த தாரம் போய்ச் சேர்ந்து, என் வயதில் ஒரு பெண் வேறு இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும் சித்தி சோற்றைத் தொடவில்லை. அம்மா தங்கைக்காகப் பேசிப் பார்த்தாள். நைனா ஒரே அதட்டில் வாயை அடைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலை சித்தி ஒரு இலையைத் திருப்பிக் காட்டினாள். அடிப்பக்கம் முழுக்கப் பழுப்பாகப் பொட்டுப் பொட்டாய் உப்பியிருந்தது.

"மாமா, இன்னா இது? அம்மை போட்டாப்ல கீதே!"

விதைக்குப் பதிலாகப் பெரணி அப்படித்தான் பொட்டு வைக்கும் என்பது எங்கள் வீட்டில் யாருக்காவது தெரிந்திருந்தால், அது பள்ளிக்கூடத்தில் செடிகொடிப் பாடம் படித்த சித்திக்கு மட்டும்தான். அவள் மூச்சு விடவில்லை.

"செடிக்குமா வரும்?" என்றார் நைனா.

"மாட்டுக்கு வர்ல?"

நைனா அடங்கிப்போனார். கம்பெனியில் இரும்பை வளைக்கிற மனுஷர், ஆத்தா என்றால் பச்சைப்பிள்ளை. அவரே வேப்பிலை ஒடித்து வந்து வாசலில் செருகினார். தாளிப்பு நின்றது, மீன் குழம்பும் போயிற்று. "செடிக்கு வந்தா நான் ஏன் பத்தியம் இருக்கணும்?" என்று கேட்டதற்குத் தலையில் ஒரு குட்டு கிடைத்தது. ஞாயிறு விடிந்ததும் தீர்த்தம் வாங்கிவரத் திருவேற்காட்டுக்கு ஓடினார். செடிக் கவலையில் மாப்பிள்ளை வீட்டாரைச் சுத்தமாக மறந்தே போனார்.

அவர்கள் குதிரை வண்டியில் பழத்தட்டோடு வந்து இறங்கினார்கள். வேப்பிலையைக் கண்டதும் மாப்பிள்ளையின் அம்மா படியேறாமல் நின்றாள்.

"ஊட்ல ஆத்தா வந்துகீறா," என்றாள் அம்மா.

"ஐயோ, பொண்ணுக்கா?"

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்குப் பொறுக்கவில்லை. செடிக்கு என்று கத்த வாயெடுத்தேன். சித்தி உள்ளிருந்து கையை நீட்டி என் வாயைப் பொத்தினாள். வந்த வேகத்தைவிடப் போன வேகம் அதிகம்.

தீர்த்தம் தெளித்த சில நாளில் பொட்டெல்லாம் காய்ந்து உதிர்ந்தது. அதற்குள் பூந்தமல்லிக்காரர்கள் வேறு இடம் பார்த்துவிட்டார்கள். அம்மை கண்ட பெண் என்று ஊரெல்லாம் பேச்சாகி, இந்த வருஷம் எந்த வரனும் எட்டிப் பார்க்காது என்று தெரிந்ததும், "சரி, நர்சுக்கே போய்த் தொலையட்டும்," என்றார் நைனா.

அன்றைக்கே செடிக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றி, கற்பூரம் காட்டிக் கும்பிட்டார். அடுப்படியில் அம்மாவும் சித்தியும் கட்டிப்பிடித்துக்கொண்டு, சத்தம் வெளியே வராமல் சிரித்தார்கள். சிரித்தபடியே சித்தி அழவும் செய்தாள். யார் வீட்டுச் செடியோ பிழைத்ததற்கு இவர்களுக்கு ஏன் இத்தனை சந்தோஷம் என்று எனக்கு ஒரே வயிற்றெரிச்சலாக இருந்தது.