டிப்போ பக்கத்துப் படுக்கையறை

வலது கையைத் தூக்கி, உள்ளங்கையை விரித்துக் காட்டியபடி நிற்கிறார் 'உஷ் அக்கா' என்று பட்டப்பெயர் வாங்கியவர். எதிரே வருகிறவர்கள் ஏதோ விபத்து என்று நினைத்துத் தயங்குகிறார்கள். பக்கத்தில் முக்காலித் தாங்கியின் உச்சியில், பஞ்சு உருண்டை மாட்டிய மைக் ஒன்று சத்தத்தை அளந்துகொண்டிருக்கிறது. அது முடியும்வரை அருகே யாரும் பேசக்கூடாது, செருப்பைத் தேய்க்கக்கூடாது, முக்கியமாக, "என்ன அளக்கிறீங்க?" என்று கேட்கக்கூடாது. கேட்காமல் போகிற மனிதர் எந்தத் தெருவில் இருக்கிறார்? கேட்பார்கள். அளவு பாழாகும். அக்கா பெருமூச்சு விட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார்.

அடுக்குமாடி கட்டுகிறவர்கள் அவரை அழைப்பார்கள். குடிவரப்போகிறவர்கள் காதில் என்னென்ன விழும், அதை எப்படிக் குறைக்கலாம் என்று ஆராய்ந்து சொல்வது அவர் பிழைப்பு. படுக்கையறையைப் பின்பக்கம் தள்ளுங்கள், சமையலறையையும் குளியலறையையும் சத்தத்தின் பக்கம் வையுங்கள், ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி போடுங்கள். சொல்லிச் சொல்லி நாக்கு வறண்டதுதான் மிச்சம். எந்த நிறுவனமானாலும் அங்கே ஒரு மேனேஜர் இருப்பார். அவர் தவறாமல், "நாலு மரம் நட்டுடலாமே மேடம்" என்பார்.

"மரம் பஸ்ஸ மறைக்கும் சார். ஹாரனை மறைக்காது" என்று அக்காவும் தவறாமல் சொல்வார்.

வீட்டிலும் அவருக்கு ஓய்வில்லை. மிக்ஸிக்கு அடியில் மடித்த துணி, நாற்காலிக் கால்களுக்குப் பழைய காலுறை. கதவு சாத்துகிற சத்தம் கேட்டாலே முகம் சுளித்துவிடுவார். கணவர் கையெடுத்துக் கும்பிடாத குறை. "இந்த வீட்டுல தும்மறதுக்குக்கூட பர்மிஷன் கேக்கணும்" என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் முறையிடுவார். அக்கா சிரிக்கமாட்டார். நாளெல்லாம் சத்தத்தைக் கேட்டு அலுத்த காதுக்கு நகைச்சுவை ஏறாது.

இப்படிப்பட்டவர்தான் அடுக்குமாடி எழும்பும் இந்த மனையில் சறுக்கினார். மனைக்கு எதிரே பஸ் டிப்போ. முதல்முறை அளக்க வந்தபோது அங்கே ஈ காக்கை இல்லை. மைக் குறைந்த எண்ணையே காட்டியது. அமைதியைக் கண்டால் முதலில் சந்தேகப்படவேண்டிய தொழில் இது. டிப்போவுக்குள் புதிதாகத் தளம் போட்டுக் காயவிட்டிருந்தார்கள். பஸ்களெல்லாம் வேறெங்கோ நின்றிருந்தன. ஒரு எட்டு போய்க் காவலாளியிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். வெயில் மண்டையைப் பிளந்தது, கால் வலித்தது, அக்கா கேட்கவில்லை. அவர் கொடுத்த எண்ணை நம்பி, டிப்போவைப் பார்த்த மாதிரியே படுக்கையறைகளை வைத்துச் சாதாரண ஜன்னலும் போட்டு மூன்று மாடி எழுப்பிவிட்டார்கள்.

அவர் பேச்சை நம்பியவர்களில் சொந்தத் தங்கையும் ஒருத்தி. இரண்டாம் மாடியில் ஒரு வீட்டுக்கு முன்பணம் கட்டியிருக்கிறாள். அவள் கணவர் மருத்துவமனையில் இரவுப்பணி பார்க்கும் நர்ஸ். பகலில்தான் தூக்கம். இப்போது குடியிருக்கும் வீட்டுக்குக் கீழே இரும்புப் பட்டறை. தூக்கம் கெட்டுக் கெட்டு ஆள் பாதியாகிவிட்டார். அவர் கண் மூடுவதற்காகத்தான் இந்த வீடே.

போன வாரம் அந்த வழியே போகும்போதுதான் டிப்போவின் உண்மையான குரல் அக்காவின் காதில் விழுந்தது. நேரே கட்டுகிற நிறுவனத்தின் மேனேஜரிடம் போய் நின்றார். "தப்பு என்னோடதுதான் சார். திரும்ப அளக்கணும்."

"இனிமே கட்டற மாடிங்களுக்கு வேணா பிளானை மாத்தலாம். எல்லையில சுவர் ஒண்ணு எழுப்பித் தரேன்" என்றார் மேனேஜர். "கட்டி முடிச்சத என்ன பண்ணச் சொல்றீங்க? ஜன்னல சாத்திக்கிட்டா போச்சு."

"சாத்தியே வெக்கறதுக்கு எதுக்கு சார் ஜன்னல்?"

சுவர் தரைத்தளத்துக்கு உதவும். இரண்டாம் மாடிக்கு உதவாது, அது சுவரின் தலைக்கு மேலே டிப்போவை நேராகப் பார்த்துக்கொண்டிருக்கும். தங்கையிடம் அக்கா இன்னும் சொல்லவில்லை.

இன்று தங்கை வாங்கப்போகும் வீட்டின் பால்கனியில் தாங்கியை நிறுத்தியிருக்கிறார். கீழே ஒரு மெக்கானிக் எஞ்சினை முறுக்கி முறுக்கிப் பார்க்கிறார். இன்னொருவர் பஸ் பஸ்ஸாக ஏறி ஹாரனைச் சோதிக்கிறார். எண் ஏறிக்கொண்டே போகிறது. கைபேசி அடிக்கிறது. தங்கை. அளவு ஓடிக்கொண்டிருக்கும்போது எடுக்கிற வழக்கமில்லை. மைக்கை நிறுத்தி, பால்கனிக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே வந்து எடுக்கிறார்.

"அக்கா, நாளைக்குப் பத்திரம் பதியறோம். அவரு இப்பவே திரைச்சீலை பார்த்து வெச்சிட்டாரு. கெட்டித் துணியா, உள்ள கும்மிருட்டா இருக்கணுமாம். 'இனிமே ஒரு நாள் முழுக்கத் தூங்கப் போறேன்'னு சின்னப் பிள்ளையாட்டம் சொல்லிக்கிட்டே திரியறாரு. நீ பார்த்துச் சொன்ன எடம், எனக்கும் ஒரு கவலையும் இல்ல." தங்கை மூச்சு வாங்குகிறாள். "என்னக்கா, பேச்சையே காணோம்?"

அக்கா கைபேசியைக் காதிலிருந்து எடுக்கிறார். பால்கனிக் கதவை அகலத் திறந்து, கம்பிக்கு வெளியே கையை எட்டுமட்டும் நீட்டி, கைபேசியை டிப்போவைப் பார்த்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.