ஆண்டுக்கு ஐந்து மணி நேரம்

சித்தூரில் எனக்கு ஏரோப்ளேன் வக்கீல் என்று பெயர். கிரிமினல் பக்கத்தில் என்னைவிட நன்றாக வாதாடியவர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். ஆனால் வெளியூர்க் கட்சிக்காரர் ஸ்டேஷனில் இறங்கி வண்டிக்காரனிடம் வழி கேட்டால், அவன் நேரே என் வீட்டு வாசலில் கொண்டுவந்து விட்டுவிடுவான். சென்னைக்குப் போய் விமானம் ஓட்டக் கற்று, தனியாகப் பறக்க லைசென்ஸும் வாங்கியவன் எங்கள் பக்கத்தில் அப்போது நான் ஒருவன்தான். தினமும் காலையில் காபி குடித்துவிட்டு ஆகாயத்தில் ஒரு சுற்றுப் போய்விட்டுத்தான் நான் கோர்ட்டுக்கு வருகிறேன் என்று ஊரில் பாதிப் பேர் நம்பினார்கள். மறுத்துச் சொல்ல நானும் அவசரப்படவில்லை.

உண்மையைச் சொன்னால் மானம் போகும். விமானம் ஓட்டுபவன் பறந்த நேரத்தை நிமிடக் கணக்கில் எழுதிவைக்க ஒரு புத்தகம் கொடுப்பார்கள். என் புத்தகத்தைப் புரட்டினால், ஒரு முழு வருடத்துக்கு ஐந்து மணி, ஆறு மணி என்று இருக்கும். மிக நல்ல வருடத்தில் எட்டு. சவரம் செய்துகொள்ள நான் செலவழித்த நேரம் அதைவிடப் பல மடங்கு. காட்பாடி ஸ்டேஷனில் சென்னை ரயிலுக்காகப் பெட்டிமேல் உட்கார்ந்து தூங்கி வழிந்த நேரத்தையும் புத்தகத்தில் சேர்த்துக்கொள்வார்களானால், நான் பெரிய விமானியாகியிருப்பேன்.

என் குமாஸ்தா நகரிப் பக்கத்து விவசாயக் குடும்பத்துக்காரர். நல்ல பக்திமான். ஒவ்வொரு தடவை நான் சென்னைக்குக் கிளம்பும்போதும் தவறாமல் சொல்வார்: "ஐயா, நீங்க எங்க வேணா பறங்க. அந்த ஏழுமலையான் தலைமேல மட்டும் போயிடாதீங்க. நம்ம ஆபீசுக்கு ஆவாது." நான் பறந்ததெல்லாம் பரங்கிமலைக்கு அந்தப் பக்கத்து மைதானத்தைச் சுற்றிச் சுற்றித்தான். திருமலை இருக்கும் திசைக்கே நான் வரப்போவதில்லை என்று எத்தனை தடவை சொன்னாலும் அவருக்கு நம்பிக்கை வரவில்லை.

ஒரு முறை திருப்பதி முன்சீப் கோர்ட்டில் வழக்கு. பாகாலாவில் வண்டி மாற வேண்டும். நான் ஏறிய வண்டி தாமதமாகிவிட, அங்கே திருப்பதி வண்டியைக் கோட்டைவிட்டுவிட்டேன். அடுத்த வண்டி பிடித்து வியர்க்க விறுவிறுக்கப் போய்ச் சேர்ந்தபோது வாய்தா போட்டாகிவிட்டது. கட்சிக்காரர் நெல் மண்டிக்காரர். தமிழும் தெலுங்கும் கலந்துதான் பேசுவார். "ஏமி சார், மீரு ரயில்லயா வந்தீங்க?" என்று கேட்டார். வழக்கு தள்ளிப்போனதைவிட நான் ரயிலில் வந்ததுதான் அவருக்கு ஏமாற்றம்.

ஏன் இவ்வளவு குறைந்த நேரம் என்று கேட்பீர்கள். வெள்ளிக்கிழமை கோர்ட்டு முடிந்து ரயிலேறி, சனிக்கிழமை காலை மைதானத்துக்குப் போனால், எனக்குக் கற்றுக்கொடுத்த விமானச் சங்கத்துக்கு இருந்த இரண்டு விமானங்களில் ஒன்று எப்போதும் இஞ்சினைக் கழற்றி மேஜைமேல் வைத்த நிலையில் இருக்கும். மற்றதற்கு ஒரு வரிசை நிற்கும். அதில் ஜமீன் வீட்டுப் பிள்ளைகளும் கம்பெனித் துரைகளும் எனக்கு முன்னால். என் முறை வருவதற்குள் கடற்காற்று வலுத்துவிடும். இருபத்தைந்து நிமிடம் கிடைத்தால் அதிர்ஷ்டம். எல்லோரும் ஆசைதீரப் பறக்கும் நாள் ஞாயிற்றுக்கிழமைதான். அந்த நாள் எனக்கு இல்லை.

எங்கள் குடும்பம் மிஷன் சபையைச் சேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை என்றால் எங்கள் வீடுகளில் குழம்புகூடப் புதிதாகக் கொதிக்காது. சனிக்கிழமையே செய்து மூடி வைத்துவிடுவார்கள். லைசென்ஸ் வாங்கிய புதிதில் இது தெரிந்தும் நான் ஒரு ஞாயிறு பறந்துவிட்டேன். அதை யாரோ படம் பிடிக்க, அது ஒரு பத்திரிகையில் வந்து தொலைந்தது. சபை மூப்பர்கள் கூப்பிட்டு விசாரித்தார்கள். மூப்பர்களில் மூத்தவர் என் மாமனார். ஓய்வுநாள் சட்டம் தரையில் செய்யும் வேலைக்குத்தான் என்று நான் வக்கீல் புத்தியோடு ஒரு வாதத்தை எடுத்துவிட்டேன். மாமனார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "அப்போ மேல போனா அங்க என்னா கிழமை, மாப்ளே?" என்று கேட்டார். கூட்டமே சிரித்தது. இனி ஞாயிறு பறப்பதில்லை என்று அங்கேயே வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். எழுந்து போகும்போது என் மனைவியின் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

நான் சொல்ல வந்தது யுத்தத்துக்கு முந்தின வருடத்து ஐப்பசி மாதத்தைப் பற்றி. லைசென்ஸைப் புதுப்பிக்க வேண்டுமென்றால், பன்னிரண்டு மாதத்தில் ஐந்து மணி நேரமாவது தனியாகப் பறந்திருக்க வேண்டும் என்று விதி. ஐந்து மணி நேரம் என்ன பிரமாதம் என்றுதான் எல்லா வருடமும் ஆரம்பத்தில் தோன்றும். அந்த வருடம் ஒரு கொள்ளை வழக்கு மூன்று மாதம் இழுத்தது. மைத்துனி கல்யாணம் வந்தது. பிறகு உட்கார முடியாத இடத்தில் ஒரு கட்டி வந்து ஒரு மாதம் படுத்தியது. லைசென்ஸ் முடிய இரண்டு நாள் இருக்கும்போது என் புத்தகத்தில் நான்கு மணி பத்து நிமிடம் இருந்தது. பாக்கி ஐம்பது நிமிடம். கெடு முடிவது ஞாயிற்றுக்கிழமை. ஆக, எனக்கு மிச்சம் இருந்தது ஒரு சனிக்கிழமை.

தவறவிட்டால் முதலிலிருந்து பரீட்சை எழுதி, பாடம் படித்து, துரையோடு உட்கார்ந்து பறந்து காட்ட வேண்டும். எனக்கு நாற்பத்திரண்டு வயது. கற்றுக்கொடுத்த துரை ஒளிவுமறைவில்லாதவர். "உங்களுக்கு இன்னொரு தடவை கற்றுக்கொடுக்க எனக்குத் தைரியம் கிடையாது" என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். விட்டால் விட்டதுதான் என்று எனக்குத் தெரியும்.

புரசைவாக்கத்தில் மனைவியின் சித்தி மகளுக்குக் குழந்தை பிறந்திருந்தது. அதைப் பார்க்க அவளும் என்னோடு கிளம்பினாள். வெள்ளி மாலை பிடித்த மழை சனி முழுவதும் விடவில்லை. விமானக் கொட்டகையில் ஈரச் சட்டையோடு மாலைவரை நின்றேன். துரை வானத்தைப் பார்த்துவிட்டு, "நாளை காலை தெளிந்துவிடும். ஏழு மணிக்கு வாருங்கள். விமானத்தை உங்களுக்கென்று வைக்கிறேன்" என்றார். நாளை ஞாயிற்றுக்கிழமை என்றேன். சனிக்கிழமைக்குப் பிறகு வழக்கமாக அதுதான் வரும் என்றார் அவர்.

புரசைவாக்கம் வீட்டில் மறுநாளுக்கான கறிக்குழம்பு அடுப்பில் இருந்தது. குழந்தை பெற்றவளுக்கு ஓய்வு கொடுத்து என் மனைவிதான் கிண்டிக்கொண்டிருந்தாள். நான் சமையலறை வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்தேன். அவள் திரும்பிப் பார்த்தாள்.

"என்னாங்க, ஆறின சோறு மாதிரி உக்காந்துகினு இருக்கீங்க? பறந்தீங்களா இல்லியா?"

"மழை."

"நாளிக்கு வெயில் வரும் போல கீதே."

"வரும். நாளைக்கு வந்து என்ன பிரயோஜனம்?"

அவள் கரண்டியை ஓரமாக வைத்தாள். "பாக்கி ஐம்பது நிமிஷம் பறக்கலன்னா என்னா ஆவும்?"

"லைசென்ஸ் போயிடும். திரும்ப வாங்க முடியாது." இதைச் சாதாரணமாகத்தான் சொல்ல நினைத்தேன். குரல் கம்மிவிட்டது. கோர்ட்டில் தூக்குத் தண்டனை வழக்கிலும் கம்மாத குரல். எனக்கே அவமானமாகப் போய்விட்டது.

என் மனைவி மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள். கல்யாணத்துக்குப் பிறகும் கஷ்டமான பிரசவம் என்றால் ஆள் அனுப்பிக் கூப்பிடுவார்கள். ஞாயிறோ திங்களோ, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு போய்விடுவாள். அவசிய வேலைக்கு ஓய்வுநாள் குறுக்கே நிற்காது என்பது எங்கள் சபையில் வழக்கம். அதை யாரும் பேசிக்கூட வைத்ததில்லை.

"ஞாயித்துக்கெழம நான் ஆஸ்பத்திரிக்குப் போறேனே, யாருனா கேக்கறாங்களா?" என்றாள்.

"அது உயிர் சமாச்சாரம்."

"உங்களுக்கு இது என்னாவாம்?"

பதினைந்து வருடக் குடித்தனத்தில் அவள் என் விமானத்தை ஒரு விளையாட்டுச் சாமானாகத்தான் நினைக்கிறாள் என்று நான் எண்ணிக்கொண்டிருந்தேன். அப்போது அவள்மேல் எனக்கு வந்த பிரியத்தைச் சொல்லத் தெரியாமல் குழம்பு அடிப்பிடிக்கிறது என்றேன்.

"எத்தினி நிமிஷம் வேணும், சரியா சொல்லுங்க."

"ஐம்பது."

"அப்போ ஐம்பது நிமிஷம் அவசிய வேலை. முடிச்சிகினு ஒம்பதரை ஆராதனைக்கு வந்துடணும். மூப்பரா இருக்கற எங்க நைனாகிட்ட நான் சொல்லிக்கிறேன். நாளிக்கு நானும் கூட வரேன்."

மறுநாள் காலை மைதானத்து ஓரங்களில் தண்ணீர் தேங்கி, வானம் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. கொட்டகை ஓரத்துப் பெஞ்சில் அவள் வெள்ளைப் புடவையோடு உட்கார்ந்தாள். நாடி பார்க்க ஆஸ்பத்திரியில் கொடுத்த கடிகாரம் மார்பில் குத்தியிருந்தது. கற்றுக்கொடுத்த துரை அவளுக்குக் குடை வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டாள்.

மேலே போய்ப் பத்து நிமிடம்வரை நான் கடிகாரத்தைத்தான் பார்த்தேன். எப்போதும் அப்படித்தான். லைசென்ஸ் எதற்கு என்றால் பறப்பதற்கு. பறப்பது எதற்கு என்றால் லைசென்ஸ் போகாமலிருக்க. வருடா வருடம் இந்தச் செக்கைத்தான் சுற்றிக்கொண்டிருந்தேன். அன்று ஏரிகளெல்லாம் நிறைந்து கிடந்தன. கிழக்கே கடல். வடமேற்கே நாகலாபுரத்து மலைகள் நீலமாகத் தெரிந்தன. அங்கிருந்து எங்கள் ஜில்லா மலைகளை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அவற்றுக்கும் அப்பால் என் வீடு, என் கோர்ட்டு, என் குமாஸ்தா எல்லாம் இருப்பதை நினைத்து எனக்குச் சிரிப்பு வந்தது. திறந்த விமானத்தில் உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தேன்.

நாற்பத்தெட்டாவது நிமிடத்தில் இறங்குவதற்குத் திரும்பினேன். மைதானம் நேரே இருந்தது. சக்கரம் தரையைத் தொட்டால் சரியாக ஐம்பது. இஞ்சின் சத்தத்தைக் குறைத்தும் விட்டேன். பிறகு என்ன தோன்றியதோ, மறுபடி வேகத்தைக் கூட்டி மேலே எழுப்பி, இன்னொரு சுற்று சுற்றினேன். அந்தச் சுற்று யாருக்கும் தேவையில்லை, எந்த விதியிலும் இல்லை. இறங்கினேன்.

துரை வந்து கைகுலுக்கிப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டார். என் மனைவி பெஞ்சை விட்டு எழுந்து வந்தாள்.

"அம்பத்திரண்டு நிமிஷம்" என்றாள்.

"கடைசியில காத்து கொஞ்சம் தூக்கி விட்டுடுச்சு."

அவள் கம்பத்து உச்சியில் காற்றுத் திசை பார்க்கக் கட்டியிருந்த துணிக் குழாயைக் காட்டினாள். அது ஈரத்தோடு சுருண்டு தொங்கியது. "காத்தே இல்ல. நான் பாத்துகினுதான் இருந்தேன். ஐம்பது நிமிஷத்துக்கு எங்க நைனாகிட்ட நான் பதில் சொல்றேன். அந்த ரெண்டு நிமிஷத்துக்கு நீங்களே ஆண்டவர்கிட்ட மன்னிப்பு கேட்டுக்கோங்க."

ஒன்பதரைக்கு ஆராதனையில் இருந்தோம். பாவ அறிக்கை செய்யும் நேரத்தில் கண்ணை மூடிக்கொண்டு உண்மையாகவே முயன்றேன். வருத்தம் வரவில்லை. ஏரிகளும் அந்தத் திருப்பமும்தான் வந்தன. வெளியே வந்ததும், "கேட்டீங்களா?" என்றாள். கேட்டேன் என்றேன்.

அடுத்த வருடம் யுத்தம் வந்தது. சங்கத்து விமானங்களைச் சர்க்கார் எடுத்துக்கொண்டது. அவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்றிய லைசென்ஸ் பீரோவில் கிடந்து காலாவதியானது. அதற்குப் பிறகு நான் விமானத்தில் கை வைக்கவில்லை. புத்தகத்தில் உள்ள மணிகளையெல்லாம் நான் லைசென்ஸுக்காகப் பறந்தேன். எனக்காகப் பறந்தது அந்த இரண்டு நிமிடம் மட்டும். அதற்கு மன்னிப்புக் கேட்டேன் என்று நான் சொன்னது பொய் என்று அவளுக்கு அப்போதே தெரிந்திருக்கும். அதன் பிறகு அவள் அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தையும் கேட்டதில்லை.