கொடுபடாத மூன்று கடிதங்கள்

நித்தியானந்தன் லண்டனின் பார்க்கிங் (Barking) பகுதியில் வீடுகளுக்குத் தரை ரைல்ஸ் பதிக்கிறவர். ஒல்லாந்தில் (நெதர்லாந்தில்), நைமேகன் நகருக்குப் பக்கத்துத் தக்காளித் தோட்டங்களில் பதினான்கு வருடம் உழைத்தவர். பிள்ளை ஆங்கிலத்தில் படிக்கட்டும் என்று 2004இல் லண்டனுக்குக் குடிபெயர்ந்தார்.

பத்து வயது மகள் லக்‌ஷிகாவின் விருப்பத்தை ஒருவரும் கேட்கவில்லை. புதுப் பள்ளிக்கூடத்தில் அவள் வாயே திறக்கவில்லை. ஒல்லாந்துச் சினேகிதி மார்லூஸின் முதல் கடிதம் வந்த அன்று சாப்பாட்டைத் தொடாமல் அழுதாள். அதனால் இரண்டாவது வந்தபோது, நாலு நாள் கழித்துக் கொடுக்கலாம் என்று நித்தியானந்தன் தன் வேனின் முன்தட்டுக்குள் வைத்தார். பிறகு மூன்றாவது, நான்காவது. ஒன்றைக் கொடுத்தால் மற்றதைப் பற்றியும் சொல்லவேண்டுமே. தபாலில் போடச் சொல்லி மகள் எழுதித் தந்த கடிதங்களும் தபாற்பெட்டியை எட்டவில்லை. ஐந்தாவது கடிதம் வரவேயில்லை. லக்‌ஷிகா தேறிவிட்டாள். வேனில் ஏறும்போதெல்லாம் அவர் அந்தத் தட்டைப் பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டார்.

அடுத்த வருடம், பள்ளிப் பாடத்துக்காக அவளை ஒரு அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனார். ரோமர்கள் தாங்கள் பிடித்த நாடுகளில் ஆள் சேர்த்துத் துணைப்படைகள் அமைத்து, தூர தேசக் கோட்டைகளுக்குக் காவல் அனுப்பினார்களாம். வட இங்கிலாந்துக் குளிரில் நின்றவர்களில் படாவியர் என்றொரு கூட்டம்.

“அப்பா, இவை நைமேகன் பக்கத்து ஆக்கள்!”

“அப்ப எங்களுக்கு முதலே வந்து இடம் பிடிச்சிட்டினம்.”

அவள் சிரித்தாள். கண்ணாடிக்குள் மெல்லிய மரச்சீவல்களில் மையால் எழுதிய கடிதங்கள். ஒன்று, கோட்டைக்காரன் ஒருவனுக்கு அவனோடு முன்பு ஒன்றாய் உண்ட கூட்டாளி எழுதியது. இவ்வளவு காலமாய் ஏன் பதில் இல்லை என்று கேட்டிருந்தான்.

“பாவம். மார்லூஸும் இப்பிடித்தான், அப்பா. மூண்டு கடிதம் போட்டன். மறந்திட்டாள்.”

அழுதிருந்தால் சமாதானம் சொல்லியிருப்பார். அவள் சாதாரணமாகச் சொன்னாள்.

“அவள் மறக்கேல்லை, பிள்ளை.”

“உங்களுக்கு என்னெண்டு தெரியும்?”

சொன்னார். பக்கத்தில் ஆட்கள் நிற்பதையும் பாராமல், கடைசிக் கடிதத்தைத் தான் பிரித்து வாசித்ததையும் சொன்னார்.

லக்‌ஷிகா வேன்வரை நடந்தாள். கடிதங்களை எடுத்துக்கொண்டு, வழக்கமான முன்னிருக்கையை விட்டுப் பின்னால் போய் இருந்தாள்.

“அம்மாவுக்கும் தெரியுமோ?”

ஓம் என்றால் பாதிப் பாரம் இறங்கியிருக்கும்.

“இல்லை. நான் மட்டுந்தான்.”

பார்க்கிங்கில் வீடு வரும்வரை அவள் ஒல்லாந்து மொழியில் முணுமுணுத்து வாசித்தாள். அவருக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கியது.