யார் இந்த மிஸ்டர் மச்சான்?

போன மாதம் எங்கள் கம்பெனியில் ஒரு மச்சான் புதிதாகச் சேர்ந்தார். இன்டர்வியூ இல்லை, ஆர்டர் இல்லை... நேராக மீட்டிங் குறிப்பில் பெயர் வந்துவிட்டது!

நான் வேலை பார்ப்பது பெரிய கம்பெனி. ஹெட் ஆபீஸ் சென்னையில், நாங்கள் கடலூரில். நடுவில் வீடியோ மீட்டிங். அதில் இப்போது ஒரு புது வசதி. நாம் பேசுவதை அதுவே கேட்டு, சுருக்கி, யார் என்ன செய்ய வேண்டும் என்று பட்டியல் போட்டு எல்லோருக்கும் மெயில் அனுப்பிவிடும். தமிழும் புரியுமாம்.

அன்று பத்து மணி மீட்டிங்குக்கு நானும் பக்கத்து சீட் யூசுஃபும் ஒன்பதே முக்காலுக்கே போய் உட்கார்ந்துவிட்டோம். ஆர்வமா? ஏ.சி.தான் காரணம். யூசுஃப் தினமும் பரங்கிப்பேட்டையிலிருந்து வந்து போகிறவர்.

"மச்சான், துபாய்ல ஒரு வேலை வர்ற மாதிரி இருக்கு. போயிடலாம்னு பாக்குறேன்" என்றார்.

"வீட்ல என்ன சொல்றாங்க?"

"அவுங்க வேணாங்குறாங்க. இங்க மட்டும் என்ன வாழுது? காலையில கெளம்புறப்பயும் பாப்பா தூங்குது, திரும்பிப் போறப்பயும் தூங்குது. துபாய் போனா வீடியோ கால்லயாச்சும் முழிச்சிருக்கறப்ப பாப்பேன்ல? நீதான் மச்சான் வீட்ல வந்து பேசணும்."

"ஞாயித்துக்கிழம வர்றேன்" என்றேன்.

மீட்டிங் நடந்தது. முடிந்தது. மெயில் வந்தது — எண்பது பேருக்கு.

'யூசுஃப் துபாய் செல்லவிருக்கிறார். மனைவியின் ஒப்புதல் நிலுவையில் உள்ளது. மனைவியிடம் பேசும் பொறுப்பு: மிஸ்டர் மச்சான். கெடு: ஞாயிறு.'

அதற்குக் கீழேதான் விற்பனை இலக்கெல்லாம். நாங்கள் போய் உட்கார்ந்தபோதே மைக் ஆனில் இருந்திருக்கிறது!

யூசுஃப் பதறிப்போனார். துபாய் வேலை இன்னும் கைக்கு வரவில்லை. அதற்குள் இந்த வேலையும் போய்விட்டால்? மெயிலைத் திரும்ப வாங்க முடியுமா என்று கம்ப்யூட்டர் பிரிவில் கேட்டோம். "மெயில எடுத்துடலாம் சார். படிச்சவுங்க மண்டையிலேர்ந்து எப்படி எடுக்குறது?" என்றார்கள்.

அரை மணியில் சென்னையிலிருந்து எங்கள் மேலதிகாரி மேடம் வீடியோவில் வந்தார்.

"யாருங்க இந்த மிஸ்டர் மச்சான்? எந்த டிபார்ட்மென்ட்?"

கையைத் தூக்கினேன். வேறு என்ன செய்வது?

மேடம் சிரிக்கவில்லை. "யூசுஃப், ஏன் போறீங்க?"

யூசுஃப் தயங்கித் தயங்கிப் பாப்பா தூங்கும் கதையைச் சொன்னார். "வீட்டுக்குப் பக்கம்னு சிதம்பரம் பிராஞ்சுக்கு மாத்தல் கேட்டு ஒன்றரை வருஷமா கம்பெனி போர்ட்டல்ல போட்டுக்கிட்டே இருக்கேன் மேடம். பரிசீலனையில் உள்ளதுன்னே காட்டுது."

"எனக்கு ஒண்ணும் வரலையே!"

எப்படி வரும்? அது வேறு சாஃப்ட்வேர். அதற்கும் இதற்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

அடுத்த வாரமே சிதம்பரத்துக்கு ஆர்டர் வந்தது. யூசுஃப் துபாயை மறந்தார். ஒரு ஞாயிறு பரங்கிப்பேட்டை போனேன் — பேச அல்ல, பிரியாணி சாப்பிட. பாப்பா முழித்திருந்தாள். யூசுஃப் கையை நீட்டியதும் அம்மாவிடம் ஓடிவிட்டாள்.

"இன்னும் பழகல மச்சான்... பழகிடும்" என்றார். அவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷம்.

முறைப்படி எழுதிக் கேட்டது ஒன்றரை வருஷம் யார் காதிலும் விழவில்லை. ஏ.சி.யில் உட்கார்ந்து புலம்பியது ஒரே நாளில் போய்ச் சேர்ந்துவிட்டது. இதை என்னவென்று சொல்ல?

இப்போதெல்லாம் எங்கள் ஆட்கள் மீட்டிங்குக்கு ரொம்ப முன்னதாகவே ஆஜர். போன வாரம் அக்கவுன்ட்ஸ் லலிதா மேடம் மைக் பக்கம் குனிந்து, நிறுத்தி நிதானமாகச் சொன்னார்: "கேன்டீன் சாம்பார்ல பருப்பே இல்ல."

நேற்று இருந்தது.