ஒரு பக்கம் மட்டும் பேசிய ரேடியோ

மேட்டுப்பாளையத்தில் ஒரு ரசாயனத் தொழிற்சாலை. வாக்கிடாக்கிகளோடு பேசும் ட்ரங்கிங் ரேடியோ மொட்டைமாடி அறையில் இருந்தது. அதில் கீழே ஆபீஸிலிருந்தே பேசவும் கேட்கவும் நான்தான் ரிமோட் பெட்டி பொருத்தினேன். ஆபீஸில் பேசினேன்; வெளியே வாக்கிடாக்கியோடு நின்றவருக்குத் தெளிவாகக் கேட்டது. வெளியே பேசினால் ஆபீஸில் கேட்கிறதா என்று பார்க்கவில்லை. பசி, கிளம்பிவிட்டேன்.

மறுநாள் ரசாயனத் தொட்டியைக் கழுவ இறங்கிய தொழிலாளி அந்தோணி விஷவாயுவில் மயங்கி விழுந்தார். மேலே நின்றவர் வாக்கிடாக்கியில் கத்தியிருக்கிறார். ஆபீஸில் யாருக்கும் கேட்கவில்லை. அவரே ஓடிப்போய் ஆட்களைக் கூட்டிவருவதற்குள் அந்தோணி இறந்துவிட்டார்.

ரிமோட்டைப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே வரும் குரலுக்கான ஒயரை நான் இணைக்கவே இல்லை.

அடக்கம் முடிந்ததும் அவர் மனைவி கேட்டார்: "செட்டு ரிப்பேராயிடுச்சா சார்?"

"ஆமாம்மா" என்றேன்.

"அப்ப யாரையும் குத்தம் சொல்ல முடியாது" என்று கைகூப்பினார்.

அவரிடம் உண்மையைச் சொல்ல அன்றும் வாய் வரவில்லை. இனியும் வராது.