மாடி வராந்தாவில் இதயப் பாடம்

சிலருக்கு உட்கார்ந்து படித்தால்தான் மண்டையில் ஏறும். இவளுக்கு நடந்தால்தான் ஏறும், அதுவும் நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி வாய்விட்டுச் சொன்னால்தான். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மாடி வராந்தாவின் இந்த முனைக்கும் அந்த முனைக்குமாகக் கையில் புத்தகத்தோடு நடப்பாள். தெருவில் அவளுக்கு ‘ரேடியோ’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். வீட்டில் யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. டயர் கடையில் வேலை பார்க்கும் அவள் அப்பாவே, “ரேடியோவுக்கு டீ குடுத்தாச்சா?” என்றுதான் கேட்பார்.

கோபித்துக்கொண்டது கீழே இருந்த வீட்டுக்கார அம்மா. போன வருஷம் கணவர் இதய நோயில் காலமான பிறகு தனியாக இருந்தார். அவருடைய படுக்கையறை ஜன்னலுக்கு நேர் மேலே அந்த வராந்தா. சொல்லிப் பார்த்தார். ரேடியோவும் குரலைத் தணித்துத்தான் பார்த்தாள். தணித்த குரலில் படித்தது ஒரு வரிகூட நிற்காததால் மறுநாளே பழையபடி ஆகிவிட்டது. மழை பிடித்துக்கொண்ட வாரம், அந்த அம்மா மாடிப்படியில் பாதி ஏறி நின்று, “மாசக் கடைசியில வீட்டைக் காலி பண்ணிடுங்க” என்று முகத்திலடித்த மாதிரி சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

தேர்வு நெருங்கிவிட்டது. நர்ஸ் படிப்பில் சேர உயிரியலில் நல்ல மதிப்பெண் வேண்டும். இந்த நேரத்தில் மூட்டை முடிச்சோடு எங்கே போவது? தையல் மிஷினில் உட்கார்ந்திருந்த அம்மாவுக்கு அன்று முழுக்க நூல் அறுந்துகொண்டே இருந்தது. தன் வாய்தான் குடும்பத்தை நடுத்தெருவில் நிறுத்தப் போகிறது என்று ரேடியோ உள்ளுக்குள் வெந்துபோனாள்.

அதற்குள் ஆறு கரையை உடைத்துக்கொண்டது. வீட்டுக்கார அம்மா வாசலில் மணல் மூட்டையை அடுக்கிவிட்டு நிம்மதியாகக் கதவைச் சாத்திக்கொண்டார். வெள்ளம் வாசல் வழியாக வருகிற அளவுக்கு மரியாதை தெரிந்ததாக இல்லை. குளியலறைச் சாக்கடைத் துளை வழியாகக் குபுகுபுவென்று திரும்பி ஏறி வந்து நடுவீட்டில் நின்றது. மத்தியானத்துக்குள் முழங்கால் அளவு. அப்பா இறங்கிப் போய், அரிசி டின், காஸ் சிலிண்டர், ஒரு பெட்டி, எல்லாவற்றுக்கும் கடைசியாக அந்த அம்மாவையும் மேலே கொண்டுவந்து சேர்த்தார். வீட்டுக்கார அம்மாவுக்கு முகத்தில் ஈயாடவில்லை. காலி பண்ணச் சொன்ன வீட்டிலேயே வந்து பாய் விரிக்க வேண்டியதாயிற்றே.

இரண்டு அறையில் நான்கு பேர். வராந்தாவில் எள் போட இடமில்லை. சிலிண்டர், நனைந்த மெத்தை, தைக்க வந்த துணி மூட்டைகள், மழைத் தண்ணீர் பிடிக்க வரிசையாக வாளிகள். காலையில் எழுந்ததும் எல்லோரும் முதலில் போய்ப் பார்ப்பது மாடிப்படியைத்தான், தண்ணீர் எந்தப் படியில் நிற்கிறதென்று. படகில் பிரெட்டும் பால் பவுடரும் வந்தால் அப்பா கயிற்றில் கூடையை இறக்குவார். அம்மா பகல் வெளிச்சம் இருக்கும்வரை மிஷினை மிதித்துக்கொண்டிருப்பாள். வாளிகளை மாற்றி வைப்பது ரேடியோவின் வேலை.

“மெதுவா, சுவத்துல உரசாம வை. பெயிண்ட் போயிடும்” என்பார் வீட்டுக்கார அம்மா. அவருடைய கட்டிலும் பீரோவும் கீழே தண்ணீரில் ஊறிக்கொண்டிருக்கின்றன, இவர் மாடிச் சுவருக்குக் கவலைப்படுகிறார். அம்மாவும் மகளும் வேறு பக்கம் திரும்பிச் சிரித்துக்கொள்வார்கள்.

படிப்புதான் படுத்துவிட்டது. நடக்க வழியில்லை, வாயைத் திறக்கத் துணிச்சலும் இல்லை. போதாக்குறைக்கு உயிரியல் புத்தகம் தோழி வீட்டில் மாட்டிக்கொண்டது. கரண்ட் போய் போனும் உயிரை விட்டாயிற்று. மழை விட்ட ஒரு மத்தியானம், அப்பாவும் அம்மாவும் துணி உலர்த்த மொட்டை மாடிக்குப் போயிருந்தார்கள். ரேடியோ சுவரில் சாய்ந்து, இதயப் பாடத்தை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாள். முதல் வரியோடு நின்றது. எதிரே வீட்டுக்கார அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

“என்ன, உதடு மட்டும் அசையுது?”

“புத்தகம் இல்ல அத்தை. மேல வர மாட்டேங்குது.”

அந்த அம்மா முறத்திலிருந்து கண்ணை எடுக்காமல் சொல்ல ஆரம்பித்தார். “உடலின் பல பாகங்களிலிருந்தும் வரும் அசுத்த ரத்தம் வலது ஆரிக்கிளை அடைகிறது. அங்கிருந்து ஈரிதழ் வால்வு வழியாக வலது வென்ட்ரிக்கிளுக்குச் செல்கிறது.” ரேடியோ எங்கே நிறுத்துவாளோ அங்கே நிறுத்தி, எங்கே இழுப்பாளோ அங்கே இழுத்து, நுரையீரல் வரைக்கும் போய்விட்டார்.

ரேடியோ நிமிர்ந்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் ஏதோ இடித்தது. புத்தகத்தில் இருந்த படத்தை நினைத்துப் பார்த்தாள்.

“அத்தை, வலது பக்கம் மூவிதழ் வால்வு. ஈரிதழ் இடது பக்கம்.”

“எனக்கென்ன தெரியும்? நீ சொல்றதைத்தானே நான் சொல்றேன். இந்த வருஷம் பூரா நீ அப்படித்தான் சொல்ற.”

நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஊருக்கே கேட்கக் கத்தினாளே தவிர, அவள் காதில் அது ஒரு நாளும் விழவில்லை. சிரிப்பு வந்துவிட்டது. அந்த அம்மாவும் சிரித்தார். பிறகு முறத்தைக் கீழே வைத்தார்.

“அந்த வால்வு சரியா மூடலைன்னா என்ன ஆகும்?”

புத்தகத்தின் வரி ஒன்று நாக்கு நுனிக்கு வந்தது. அதை விழுங்கிக்கொண்டாள். யாரைப் பற்றிய கேள்வி என்று புரிந்துவிட்டது.

“கீழ குளியலறையில தண்ணி திரும்பி வந்துச்சில்ல அத்தை, அது மாதிரிதான். முன்னாடி போக வேண்டிய ரத்தம் திரும்பி வரும். கொஞ்சம் கொஞ்சமா தேங்கிக்கும். மூச்சு வாங்கும்.”

“ஆமா. வாங்குச்சு.” அந்த அம்மா கையில் ஒட்டியிருந்த அரிசியைத் தட்டிவிட்டார். “டாக்டர் வால்வுன்னாரு. நமக்குத் தண்ணி மோட்டார் வால்வுதான் தெரியும். என்னன்னு கேக்கத் தோணல. அவர் போன பிறகு பார்த்தா, மேலயிருந்து தினம் வால்வு, வால்வுன்னு வருது. நீ படிச்ச மத்த பாடம் ஒண்ணும் காதுல ஏறல. இது மட்டும் ஏறிடுச்சு. அதான் போகச் சொன்னேன். நடக்கிற சத்தத்துக்காக இல்ல.”

ரேடியோ முறத்தை இழுத்துக் கல் பொறுக்கத் தொடங்கினாள்.

“தூக்கத்திலேயே போயிட்டாரு. நான் பக்கத்துலதான் படுத்திருந்தேன். ஒரு சத்தம் இல்ல.” அந்த அம்மா அவளையே பார்த்தார். “வலிச்சிருக்குமா?”

இல்லை என்று சொல்லிவிடலாம். சொன்னால் நம்பிவிடுவார் என்று அந்த முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. இந்த வருஷம் முழுக்கத் தன் தப்பைக்கூட ஒரு சொல் விடாமல் நம்பிய காது அது. அதனாலேயே அவளுக்கு மனசு வரவில்லை.

“தெரியல அத்தை. எங்க புத்தகத்துல அது இல்ல.”

“எதுல இருக்கும்?”

“நர்ஸ் படிப்புல சொல்லித் தருவாங்கன்னு நினைக்கிறேன்.”

“அது எத்தனை வருஷம்?”

“நாலு.”

வீட்டுக்கார அம்மா முறத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். மொட்டை மாடியில் அம்மா துணியை உதறும் சத்தம் கேட்டது.

“சரி, இங்கயே இருந்து படி. தெரிஞ்சதும் முதல்ல எனக்கு வந்து சொல்லணும்.”